வாஷிங்டன் யாருடைய பெயர்?

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவான குடும்பப்பெயர்களை அந்தத் துறையே பட்டியல் போட்டு வெளியிட்டிருக்கிறது. எந்தப் பெயர் எத்தனை பேருக்கு, அவர்களில் வெள்ளையர் எத்தனை சதவீதம், கறுப்பினத்தவர் எத்தனை சதவீதம் என்று வரிசையாகப் போகும். இப்படிப்பட்ட பட்டியல்களை உட்கார்ந்து படிக்கிற பைத்தியம் எனக்கு உண்டு. ஸ்மித் முதலிடம். அதில் ஆச்சரியமில்லை, ஊருக்கு ஒரு கொல்லன் இருந்திருப்பான். ஸ்மித்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் கறுப்பினத்தவர். வில்லியம்ஸ்களில் பாதியை நெருங்குகிறது. ஜெபர்சன் என்று வரும்போது முக்கால்வாசி. வாஷிங்டன் என்ற குடும்பப்பெயரோடு 1,63,036 பேர் இருந்தார்கள். அவர்களில் 90 சதவீதம் பேர் கறுப்பினத்தவர்.

ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளைகள் கிடையாது. அண்ணன் தம்பி வழியில் வந்த வெள்ளை வாஷிங்டன்கள் உண்டு, ஆனால் எண்ணிக்கையில் சிறுபான்மை. டாலர் நோட்டில் முகம் இருக்கிற மனிதரின் பெயர், இன்று அமெரிக்கத் தெருவில் ஒருவர் சொன்னால், கேட்பவர் மனதில் பெரும்பாலும் ஒரு கறுப்பு முகத்தைத்தான் கொண்டுவரும். இது எப்படி நடந்தது என்பது ஒரு கேள்வி. நடந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்பது வேறு கேள்வி. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம், ஆனால் முதலாவதைக் கடக்காமல் அங்கே போக முடியாது.

வாஷிங்டன் முதலில் ஓர் ஊர். வடகிழக்கு இங்கிலாந்தில், டர்ஹாம் பக்கத்தில் இப்போதும் இருக்கிறது. ஹ்வாஸா என்றோ வாஸா என்றோ பெயர் கொண்ட ஒரு சாக்சன் ஆளின் வகையறா குடியிருந்த பண்ணை என்பது அந்தச் சொல்லுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பொருள். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் என்று ஒரு நார்மானிய நிலப்பிரபு அங்கே வருகிறார். அதுவரை அவருக்கு ஹெர்ட்பர்ன் என்ற வேறு ஊரில் நிலம் இருந்தது, அதனால் வில்லியம் டி ஹெர்ட்பர்ன். 1183இல் டர்ஹாம் பிஷப்பின் நிலக்கணக்காகத் தயாரான போல்டன் புத்தகத்தில், ஹெர்ட்பர்னுக்கு மாற்றாக இவர் வாஷிங்டனைப் பெற்றிருக்கிறார் என்ற பதிவு இருக்கிறது. ஆண்டுக்கு 4 பவுண்டு செலுத்த வேண்டும். பிஷப் பெருவேட்டைக்குப் போகும்போது நான்கு வேட்டைநாய்களோடு கூடப் போக வேண்டும். நிலம் மாறியதும் பெயரும் மாறிவிட்டது. அவர் வழியினர் வாஷிங்டன்கள் ஆனார்கள்.

ஜார்ஜ் வாஷிங்டனின் 'பரம்பரைப் பெயர்' என்று நாம் சொல்வது ரத்தத்தோடு வந்ததில்லை, நிலப்பரிவர்த்தனையோடு வந்தது. ஹ்வாஸாவுக்கும் வில்லியமுக்கும் எந்த உறவும் இருந்ததாகத் தெரியவில்லை. யாரோ ஒரு சாக்சனின் பெயரை, அவன் மண்ணைப் பிடித்தவர்களில் ஒருவன் எடுத்துக்கொண்டான். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் வருகிறவர்களிடம் "இது உன் பெயரா?" என்று கேட்பவர்கள், இந்த வில்லியமிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை தெற்கே நகர்ந்து நார்த்தாம்டன்ஷயரில் கம்பளி வியாபாரத்தில் காசு பார்த்தது. எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து நிலங்களை விற்றபோது, 1539இல் சல்கிரேவ் என்ற ஊரில் நிலம் வாங்கியது. ஒரு நூற்றாண்டு கழித்து அதன் வாரிசு ஒருவர் கப்பலேறி வர்ஜீனியா போனார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ்.

1799இல் ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தபோது மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் சட்டப்படி அவருக்குச் சொந்தமானவர்கள் 123 பேரும் வில்லியம் லீ என்ற ஒருவரும். மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்து. அவர்களை விடுவிக்க அவருக்கு அதிகாரமில்லை. தனக்குச் சொந்தமானவர்களை, மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுவிக்க வேண்டும் என்று உயிலில் எழுதினார். மார்த்தா காத்திருக்கவில்லை. 1801 ஜனவரி 1 அன்று அவர்கள் விடுதலையானார்கள்.

வில்லியம் லீ விஷயத்தில் மட்டும் உயில் உடனடி விடுதலை தருகிறது, வருடத்துக்கு 30 டாலரும். போர்க்காலம் முழுக்க வாஷிங்டனின் பக்கத்திலேயே குதிரையில் போனவர். 1768இல் ஜான் லீ என்பவருடைய விதவையிடமிருந்து அவரையும் அவர் சகோதரரையும் வாஷிங்டன் விலைக்கு வாங்கியிருந்தார். உயிலில் அவரைக் குறிப்பிடும் இடத்தில் வாஷிங்டன் பயன்படுத்தும் சொற்கள் விசித்திரமானவை. வில்லியம் என்று எழுதிவிட்டு, தன்னை வில்லியம் லீ என்று அழைத்துக்கொள்கிறவர் என்ற பொருளில் அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறார். முப்பது வருடம் கூடவே இருந்த மனிதர். அவருக்குக் குடும்பப்பெயர் உண்டு என்று எஜமானர் ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. "அவன் அப்படிச் சொல்லிக்கிறான்" என்கிறார், அவ்வளவுதான். அந்த அடைப்புக்குறியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இந்த 123 பேரின் சந்ததிதான் இன்றைய வாஷிங்டன்கள் என்று நினைத்தால் கணக்கு இடிக்கும். மவுண்ட் வெர்னனிலிருந்து வெளியேறியவர்கள் எல்லாரும் வாஷிங்டன் ஆகவுமில்லை. பெரும்பாலான வாஷிங்டன்கள் அந்தப் பண்ணையை வாழ்நாளில் பார்த்திராதவர்கள். பெயர் அவர்களிடம் வந்தது 1865க்குப் பிறகு, உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின். அல்லது அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது.

1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனிப் படிவம் இருந்தது. உடைமையாளரின் பெயர் முழுதாக இருக்கும். அதன்கீழ் ஆளுக்கு ஒரு வரி: வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் கிடையாது. மாடு கணக்கெடுப்பது போலத்தான். அந்த மக்களில் பெரும்பாலோர் முழுப்பெயரோடு அரசாங்கக் காகிதத்தில் முதல்முறை வந்தது 1870 கணக்கெடுப்பில். தன் முன்னோரைத் தேடும் கறுப்பின அமெரிக்கர்கள் பெரும்பாலும் அந்த வருடத்தில் முட்டி நிற்கிறார்கள். அதற்கு முன்னால் போனால் வெறும் வயதும் நிறமும்தான்.

விடுதலைக்குப் பிறகு சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட, கல்யாணத்தைப் பதிவு செய்ய, நிலம் வாங்க, படையில் இருந்தவர்கள் ஓய்வூதியம் கேட்க என்று எல்லாவற்றுக்கும் இரண்டாவது பெயர் வேண்டியிருந்தது. அதில் ஒருவர் எழுதி வைத்ததால் நமக்கு நன்றாகத் தெரிந்த கதை புக்கர் டி. வாஷிங்டனுடையது. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். அப்பா பக்கத்துப் பண்ணை வெள்ளையர் என்று கேள்விப்பட்டதைத் தவிர வேறெதுவும் தெரியாது. மேற்கு வர்ஜீனியாவின் மால்டனில் பள்ளிக்கூடம் போன முதல் நாட்களில் வாத்தியார் பெயர் கூப்பிடுகிறார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு பெயர், சிலருக்கு மூன்று. இவருக்கோ புக்கர் மட்டும்தான். தன் முறை வருவதற்குள் யோசித்து, கேட்டதும் அமைதியாக "புக்கர் வாஷிங்டன்" என்று சொன்னதாகச் சுயசரிதையில் எழுதுகிறார். வளர்ப்புத் தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். அது ஜனாதிபதியின் பெயரும்கூட. எதிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் அந்தப் பையனுக்கு இருந்திருக்காது. பிறந்தபோது அம்மா தனக்கு டாலியஃபெரோ என்று பெயர் வைத்திருந்தது பின்னால் தெரிந்ததும் அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டார். அதுவும் வர்ஜீனிய நிலவுடைமைக் குடும்பம் ஒன்றின் பெயர்தான்.

அதே புத்தகத்தில் இன்னொரு சின்னத் தகவல். விடுதலையானவர்களில் பலர் பெயருக்கு நடுவே ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்களாம். ஜான் எஸ். லிங்கன் என்பது போல. அந்த 'எஸ்' எதையும் குறிக்காது. முன்னெழுத்து என்றால் அதற்குப் பின்னால் அப்பாவோ ஊரோ இருந்தே ஆகும் என்று பழகிய தமிழனுக்கு, பின்னால் யாருமே நிற்காத அந்த ஓர் எழுத்து என்னவோ செய்கிறது.

இதையெல்லாம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் மூத்தவர் ஒருவர், சுயமரியாதைக் குடும்பம். அவருடைய தாத்தா 1929 செங்கல்பட்டு மாநாட்டுத் தீர்மானத்துக்குப் பிறகு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டி எறிந்தவர். அவர் கேட்டார்: "என்னய்யா இது, அடிமைப்படுத்தினவன் பேரையே எடுத்து வெச்சுக்கிட்டாங்களா? விடுதலை கெடைச்சா மொதல்ல அதைத்தானே தூக்கி எறியணும்?"

"எறிஞ்சிட்டு எதை வெச்சுக்கறதுண்ணே?" என்றேன்.

"எதையாவது. சொந்தமா ஒண்ணு."

அண்ணனின் கேள்வி சாதாரணமானதில்லை. பெயரைக் களைவதே அரசியல் என்று காட்டிய ஒரு மரபிலிருந்து வருகிறது. நம்மிடம் அது பலித்ததற்குக் காரணம் உண்டு. பட்டத்தை வெட்டினால் மிச்சம் இருந்தது. அப்பா பெயரின் முதலெழுத்து இருந்தது, ஊர் இருந்தது, தன் பெயர் இருந்தது. வால் போனால் உடல் நிற்கும். அங்கே அப்பா என்ற உறவையே சட்டம் ஏற்கவில்லை. பிள்ளை தாயின் உடைமையாளருக்குச் சொந்தம், தகப்பன் யார் என்பது கணக்கிலேயே வராது. ஆப்பிரிக்கப் பெயர்கள் பல குடும்பங்களில் மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னாலேயே துடைக்கப்பட்டிருந்தன. அவர்களைப் பார்த்து "சொந்தமாக ஒன்று" என்று சொல்லும்போது, அந்தச் சொந்தம் எங்கே இருந்தது என்பதையும் நாமே சொல்லியாக வேண்டும்.

ஆனால் இது பாதிப் பதில்தான். வேறு வழியில்லாததால் எடுத்துக்கொண்டார்கள் என்று நிறுத்தினால் அவர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக ஆக்குகிறோம். மீதிப் பதில் ஹெர்பர்ட் கட்மன் என்ற வரலாற்றாய்வாளரிடம் இருக்கிறது. அடிமைக் குடும்பங்கள் பற்றி 1976இல் வந்த அவருடைய பெரிய நூல் காட்டும் விஷயம் இது: குடும்பப்பெயர்கள் 1865இல் திடீரென முளைத்தவை அல்ல. அடிமைகளாக இருந்தபோதே பலர் தங்களுக்குள் ஒரு குடும்பப்பெயரை வைத்திருந்தார்கள், எஜமானர் காதுக்குப் போகாமல். அது பல சமயம் இப்போதைய உடைமையாளரின் பெயரே அல்ல. இரண்டு தலைமுறைக்கு முன் தாத்தாவையோ பாட்டியையோ வைத்திருந்த வேறொரு உடைமையாளரின் பெயர். இடையில் விற்கப்பட்டு, சீதனமாகக் கொடுக்கப்பட்டு, கடனுக்கு ஈடாகப் போய் எத்தனை கை மாறினாலும் அந்தப் பெயரை விடவில்லை.

எதற்காக? விசுவாசம் என்று சொல்வது அபத்தம். அண்ணன் ஒரு மாகாணத்திலும் தங்கை இன்னொரு மாகாணத்திலுமாக விற்கப்பட்டவர்களுக்குள் பொதுவாக மிஞ்சியது அந்த ஒரு சொல். என்றைக்காவது தேடினால் அதை வைத்துத்தான் தேட முடியும். வெளியே நிற்பவனுக்கு அது எஜமானன் பெயர். உள்ளே இருப்பவளுக்கு அது அப்பா பெயர். ஒரே ஒலிதான். வில்லியம் லீயின் 'லீ' எனக்கு இப்படித்தான் கேட்கிறது. வாஷிங்டன் வீட்டில் முப்பது வருடம் இருந்தும் அவர் தன்னை வாஷிங்டன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

தத்துவக்காரர்கள் பெயர் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் சொன்னது எளிமையானது. பெயர் ஓர் ஆளைச் சுட்டும், அவ்வளவுதான், அதற்கு உள்ளர்த்தம் கிடையாது. டார்ட் நதியின் முகத்துவாரத்தில் இருப்பதால் ஓர் ஊருக்கு டார்ட்மத் என்று பெயர். நதி திசைமாறி வேறெங்கோ போய்விட்டாலும் ஊர்ப்பெயர் அப்படியே இருக்கும், யாரும் குழம்ப மாட்டார்கள். நம்ம ஊரில் வெள்ளையன் என்று பெயருள்ளவர் கன்னங்கரேலென்று இருந்தால் யாரும் பொய் சொல்கிறார் என்று நினைப்பதில்லை, அதே மாதிரி. மில் சொல்வதை ஏற்றால் வாஷிங்டன் என்ற பெயரில் பிரச்சினையே இல்லை. நதி விலகிவிட்டது, ஊர் இருக்கிறது.

இது எனக்குப் போதவில்லை. நதி விலகியதும், மனிதர்கள் விற்கப்பட்டதும் ஒன்றா? 1970இல் சால் கிரிப்கி நிகழ்த்திய உரைகள் இன்னும் கொஞ்சம் உதவுகின்றன. ஒரு பெயர் முதலில் ஒருவருக்குச் சூட்டப்படுகிறது, பிறகு வாய்வழியாகக் கைமாறிக் கைமாறி நம்மிடம் வருகிறது, அந்தத் தொடர்தான் பெயரையும் ஆளையும் இணைக்கிறது என்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். வாங்கியவர் கொடுத்தவர் சுட்டிய அதே ஆளைச் சுட்ட நினைக்க வேண்டும். நெப்போலியன் என்ற பெயர் பிடித்துப்போய் என் செல்லப்பிராணிக்கு அதை வைத்தால், பழைய தொடர் அங்கே அறுந்து புதியது தொடங்குகிறது. போகிற போக்கில் சொன்ன உதாரணம்தான். வகுப்பறையில் அந்தப் பையன் பெயரைச் சொன்ன கணத்தில் நடந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது ஒரு புதிய சூட்டல். சூட்டியவரும் சூட்டப்பட்டவரும் ஒரே ஆள். ஒலி மட்டும் பழையது.

ஒலி மட்டும் பழையது என்பதைச் சுலபமாகக் கடந்துவிட முடியாது, அதைத்தான் மால்கம் எக்ஸ் பிடித்துக்கொண்டார். லிட்டில் என்ற பெயரைக் களைந்து, தெரியாமல் போன ஆப்பிரிக்கப் பெயரின் இடத்தில் 'எக்ஸ்' போட்டார். இருந்த பெயரைத் துடைத்து, இல்லாத பெயரின் காலியிடத்தைக் காட்டுகிறார். என் வாசிப்பில் அவர் புக்கர் வாஷிங்டனுக்கு எதிரானவர் என்பதைவிட, அந்த எதையும் குறிக்காத 'எஸ்' போட்டுக்கொண்டவர்களுக்கு நெருங்கிய உறவினர்.

முகமது அலி கதையில் இன்னொரு சிக்கல். 1964இல் கேஷியஸ் கிளே என்பது அடிமைப்பெயர் என்று சொல்லி உதறினார். ஆனால் அந்தப் பெயரின் மூலவரான கென்டக்கிக்காரர் கேஷியஸ் மார்செலஸ் கிளே, அடிமை முறைக்கு எதிராக 1845இல் பத்திரிகை நடத்தி எதிரிகளைச் சம்பாதித்தவர். இதைச் சொல்லி அலியை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது வாதமாகவே படவில்லை. நல்ல எஜமானனின் பெயர் என்பதால் ஒருவர் அதைச் சுமந்தே ஆக வேண்டும் என்றால், கெட்ட எஜமானனின் பெயரைச் சுமப்பவர் வெட்கப்பட்டே ஆக வேண்டும் என்றாகும். இரண்டுமே பெயரின் கணக்கை மறுபடி எஜமானன் ஏட்டில் எழுதுகின்றன.

சரி, வெள்ளை வாஷிங்டன்கள் அந்தப் பெயரோடு என்ன செய்தார்கள்? மவுண்ட் வெர்னன் அண்ணன் தம்பி வழியில் புஷ்ராட் வாஷிங்டனுக்குப் போனது. உச்ச நீதிமன்ற நீதிபதி. 1821இல் அங்கிருந்த 54 பேரை லூசியானாக்காரர்களுக்கு விற்றார். தன் அடிமைகளை விடுவிக்கச் சொன்ன உயில் எழுதப்பட்டு 22 வருடம்தான் ஆகியிருந்தது. சட்டப்படியும் ரத்தப்படியும் அவர்தான் வாஷிங்டன். 'உரிமையான வாரிசு' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விற்பனை ஞாபகம் வருகிறது.

அண்ணனுக்கு நான் கடைசியில் சொன்னது ஹாரியின் கதை. காம்பியா ஆற்றுப்பக்கம் பிறந்ததாகச் சொல்லப்படுபவர். 1763இல் வாஷிங்டன் அவரை வாங்கினார். பண்ணைக் கணக்கேடுகளில் வெறும் ஹாரி. 1771இல் ஓடிப்போய்ப் பிடிபட்டார். 1776இல் மறுபடி ஓடினார். எஜமானர் பிரிட்டிஷ் ராஜாவை எதிர்த்துப் படை நடத்திக்கொண்டிருந்தபோது, ஓடிவரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்திருந்த பிரிட்டிஷார் பக்கம் இவர் போய்ச் சேர்ந்தார்.

போர் முடிந்தது. 1783இல் பிரிட்டிஷார் நியூயார்க்கைக் காலி செய்யும்போது, ஓடிவந்த அடிமைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று வாஷிங்டன் நேரிலேயே கேட்டார். தளபதி கார்ல்டன் மறுத்தார். வேண்டுமானால் பின்னால் உடைமையாளர்களுக்கு இழப்பீடு தரலாம், அதற்காகப் பெயர்களைக் குறித்துவைக்கிறோம் என்றார். சுமார் 3,000 பேரின் பதிவேடு அப்படித்தான் உண்டானது. சொத்துக்கு விலை போடுவதற்காக எழுதிய ஏடு. அதில் ஹாரி வாஷிங்டன், வயது 43, முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, ஏழு வருடத்துக்கு முன் விட்டு வந்தவர் என்று இருக்கிறது. எஜமானர் ஏட்டில் வெறும் ஹாரியாக இருந்தவர், எஜமானரை விட்டுப் போகும்போதுதான் வாஷிங்டன் ஆகிறார்.

"போகும்போது எதுக்கு அவன் பேரை எடுத்துட்டுப் போறான்?" என்றார் அண்ணன். நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஹாரி தன் காரணத்தை எழுதிவைக்கவில்லை, அவருக்காக ஒன்றை இட்டுக்கட்ட எனக்கு மனமில்லை. அதற்குப் பிறகு அவர் செய்தது தெரியும். நோவா ஸ்கோஷியாவின் குளிரில் சில வருடங்கள். 1792இல் மறுபடி கப்பலேறி சியரா லியோன். நிலம் இலவசம் என்று நம்பி வந்தவர்களிடம் அங்கே ஆண்ட கம்பெனி வருடாவருடம் நிலவரி கேட்டது. எங்கள் நிலத்துக்கு எங்களைக் கேட்காமல் வரியா என்று குடியேறிகளில் ஒரு பகுதியினர் 1800 செப்டம்பரில் கிளம்பினார்கள், தங்களுக்கென்று சட்டங்கள் எழுதி ஒட்டினார்கள். கம்பெனி படையைக் கொண்டு அடக்கியது. இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். நாடு கடத்தப்பட்டவர்களில் ஒருவர் ஹாரி வாஷிங்டன், வயது அறுபது. ஃப்ரீடவுனுக்கு எதிரே ஆற்றின் அக்கரையில் இருந்த புல்லம் கரைக்கு அவரை அனுப்பினார்கள். வரிக்கு எதிராகக் கிளம்பிப் பேர் வாங்கிய இன்னொரு வாஷிங்டன் முந்தின டிசம்பரில்தான் மவுண்ட் வெர்னனில், தன் படுக்கையில் இறந்திருந்தார்.